துயில் கொள்ளாக் கணினி

மேசைக் கணினியின் வேலையை நிறுத்தி வைக்கும் வழிகள் மூன்று உண்டு என்பதைப் பலர் அறிவர். அம்மூன்றிற்கும் இடையே உள்ள வேறுபாட்டைச் சிலரே அறிவர். முற்றாக அணைத்தல் ஒன்று. ஆங்கிலத்தில் 'ஸ்லீப்' எனப்படும் சிறுதுயில் மற்றொன்று. 'ஹைபர்னேட்' எனப்படும் நெடுந்துயில் மூன்றாவது. இவற்றுள் நெடுந்துயிலே புத்தளக் கரையோரத்தவராகிய நமக்குப் பெரிதும் வேண்டப்படுவது. அது பழுதுபடுமிடத்து அதன் காரணத்தைக் கண்டறியும் முறையை ஈண்டு ஆராய்வாம். விண்டோஸ் என்னும் பணிசெயல் முறைமையைக் கொண்ட கணினிகளே நம் பாடசாலைகளிலும் கந்தோர்களிலும் மிகுதியாதலின் அவற்றையே கருத்திற் கொண்டு எழுதுகின்றோம்.

நாம் எழுதும் கடிதமும், கூட்டும் கணக்கும், திறந்து வைத்துள்ள படமும் வேலை நடக்கும்போது கணினியின் நினைவகத்தில் தங்கியுள்ளன. இந்நினைவகம் மின்னோட்டம் உள்ளவரையுமே எதனையும் தாங்கி நிற்கும். வகுப்பறைக் கரும்பலகையை இதற்கு ஒப்பாகச் சொல்லலாம். சிறுதுயில் என்பது கரும்பலகையில் எழுதியதை அழியாதபடி ஒரு காவற்காரனை நிறுத்திவிட்டுப் போதல். அக்காவற்காரனே சிறிதளவாக ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரம். நெடுந்துயில் என்பது பலகையில் உள்ள யாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி எடுத்துக்கொண்டு, பலகையைத் துடைத்துவிட்டு, கதவைப் பூட்டிச் செல்லுதல். மறுநாள் வந்து கொப்பியைப் பார்த்து விட்ட இடம் வரையில் மீண்டும் எழுதிக்கொள்ளலாம். காவற்காரன் இல்லாவிடினும் கொப்பி இருக்கும்.

மடிக்கணினிக்கு உள்ளேயே மின்கல அடுக்கு இருத்தலால், சிறுதுயிலில் இருக்கும்போது மின்சாரம் நின்றாலும் அதற்குச் சில மணி நேரம் கேடில்லை. மேசைக் கணினிக்கு அந்த வசதி கிடையாது. சுவரில் மின்சாரம் அற்ற கணமே நினைவகத்தில் உள்ள யாவும் அற்றுப்போகும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரையும் மின்வெட்டு நிகழ்ந்ததை எவரும் மறந்திரார். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்கருவியிற் பட்டதன் விளைவாகத் தீவு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. அப்பொழுது நம் கரையிலேயே உள்ள நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் மூன்று அலகுகளும் நின்றன. ஒவ்வொன்றும் 300 மெகாவாட் ஆற்றலுடையவை. அவை மீண்டும் முழு உற்பத்திக்கு வரச் சில நாட்கள் சென்றன. அதனால் அடுத்து வந்த நாட்களிலும் ஒன்றரை மணி நேர மின்வெட்டுக்கள் நடைமுறையில் இருந்தன. நாட்டின் மிகப் பெரிய மின்நிலையம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் புகை கக்கிக்கொண்டிருப்பதனால் முந்தலிலோ உடப்பிலோ மின்சாரம் நில்லாது என்பதற்கு யாதொரு உறுதியும் இல்லை.

துயில் நிலைகள் 1996ஆம் ஆண்டு திசெம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்ட விதிமுறை ஒன்றில் எண்ணிட்டு வகுக்கப்பட்டன. விழித்து வேலை செய்யும் நிலைக்குச் சுழியம், சிறுதுயிலுக்குப் பெரும்பாலும் 3, நெடுந்துயிலுக்கு 4, அணைத்தலுக்கு 5. சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என அவத்தை ஐந்தாக வைத்து ஓதிய நம்மவர்க்கு இவ்வடுக்கு முறை புதிதாகத் தோன்றாது. ஆயினும் ஒப்புமையை அவ்வளவில் நிறுத்திக்கொள்ளுதல் நன்று. இங்கே 5ஆவது நிலையை அடைந்த கணினிக்கு ஞானம் ஒன்றும் கைகூடுவதில்லை.

நெடுந்துயிலுக்குரிய கொப்பி, 'ஹைபர்ஃபில்' என்ற பெயரோடு வன்தட்டின் சி பிரிவில் மறைவாகக் கிடக்கும் ஒரு பெரிய கோப்பு. விண்டோஸ் 10இல் அதன் அளவு இயல்பாக நினைவகத்தின் 40 வீதம். நினைவகம் 8 கிகாபைட்டாயின் கோப்பு ஏறத்தாழ 3.2 கிகாபைட்டு. நொடிக்கு 100 மெகாபைட்டு எழுதும் பழைய சுழல் வன்தட்டில் அதனை நிரப்ப அரை நிமிடத்திற்கு மேலாகும். நொடிக்கு 500 மெகாபைட்டு எழுதும் எஸ்.எஸ்.டி. தட்டாயின் ஆறேழு நொடி போதும். இந்தக் கணக்கை மனத்தில் இருத்துதல் வேண்டும். ஏனெனில், திரை இருண்டதும் கணினி துயின்றுவிட்டது என்றெண்ணிச் சுவரிலுள்ள ஆளியை நிறுத்திவிடுவோர் பலர். திரை முன்னதாகவே இருண்டுவிடும். எழுதும் வேலை அப்போதுதான் நடந்துகொண்டிருக்கும். பெட்டியின் முகப்பிலுள்ள விளக்கு அணைந்து, விசிறியின் ஓசை ஓய்ந்த பின்னரே ஆளியிற் கை வைக்கலாம். நெடுந்துயில் பழுது என்று நம்மிடம் கொண்டுவரப்படும் கணினிகளுட் சில, இந்த அரை நிமிடப் பொறுமை இன்மையால் மட்டுமே அப்பெயர் பெற்றவை.

இனி உண்மையான பழுதுக்கு வருவோம். வைத்தியர் காய்ச்சல் என்று கேட்டவுடன் மருந்து கொடாது, எப்பொழுது வருகின்றது, எப்பொழுது விடுகின்றது என்று வினவுவர். இங்கேயும் முதல் வினா அதுவே. கணினி துயிலுக்குள் போக மறுக்கின்றதா? போய், துயிலில் நிலைத்திராது எழுந்துவிடுகின்றதா? நன்கு துயின்று, எழும்பும்போது தன் பழைய வேலையை மறந்துவிடுகின்றதா? வெளித்தோற்றத்தில் மூன்றையும் மக்கள் "ஹைபர்னேட் வேலை செய்யவில்லை" என்ற ஒரே வாக்கியத்தாற் சொல்வர். மூன்றிற்கும் காரணங்கள் வேறு. ஒன்றிற்குரிய மருந்து மற்றொன்றிற்கு உதவாது.

முதலாவது வகையை விரைவாகச் சொல்லிவிடலாம். அணைக்கும் பட்டியலில் நெடுந்துயில் என்ற தெரிவே இல்லையாயின் அது பழுது ஆகாது. விண்டோஸ் 8 முதற்கொண்டு அத்தெரிவு இயல்பாகவே மறைத்து வைக்கப்பட்டுள்ளது. கட்டுப்பாட்டுப் பலகத்தில் மின்வலு பற்றிய பகுதிக்குச் சென்று, மின் பொத்தான்கள் என்ன செய்தல் வேண்டும் என்னுமிடத்தில் அதற்கு அடையாளமிட்டால் தோன்றும். அங்கும் காணப்படாவிடின் கட்டளைச் சாளரத்தை நிருவாகி உரிமையோடு திறந்து, ஆங்கிலத்தில் 'பவர்' என்னும் சொல்லையும் அதனோடு இடைவெளியின்றி சி, எஃப், ஜி என்னும் மூன்று எழுத்துக்களையும் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் ஏ எழுத்தும் இடுக. எந்தெந்தத் துயில் நிலைகள் இக்கணினிக்கு உண்டு, எவை இல்லை, இல்லையெனின் ஏன் இல்லை என்பவற்றைக் கணினியே எழுதிக் காட்டும். காரணம் இருக்குமிடத்தை இவ்வளவு நேராகச் சொல்லும் வேறு கட்டளையை நாம் அறியோம். கோப்பு நிறுத்தப்பட்டுள்ளது என்று அது கூறுமாயின், அதே மூன்றெழுத்துக் கட்டளையோடு சாய்கோடும் எச் எழுத்தும் 'ஆன்' என்ற சொல்லும் இடக் கோப்பு மீண்டும் உண்டாகும். இடம் மிச்சம் பிடிக்க எவரேனும் அக்கோப்பைக் குறுக்கி, நினைவகத்தின் 20 வீதமாக்கி வைத்திருத்தலும் உண்டு. குறுகிய கோப்பு விரைவான தொடக்கத்துக்கு மட்டும் பயன்படும், நெடுந்துயிலுக்குப் பயன்படாது.

தெரிவு இருந்தும், திரை மட்டும் இருண்டு விசிறி ஓடிக்கொண்டேயிருக்குமாயின் குற்றம் பெரும்பாலும் ஏதோ ஒரு சாதனச் செலுத்தியிடத்தே உள்ளது. துயிலுக்குப் போகுமுன் கணினி தன் உறுப்புக்கள் ஒவ்வொன்றையும் ஓயும்படி பணிக்கும். ஒன்று விடையிறுக்காவிடின் யாவும் காத்து நிற்கும். அச்சுப்பொறி, கமரா முதலிய புறக்கருவிகளைக் கழற்றிவிட்டுச் சாவிப்பலகையும் சுட்டியும் மட்டும் வைத்துச் சோதித்தல் வேண்டும். அப்பொழுது துயிலுமாயின் கழற்றியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டி வரக் குற்றவாளி அகப்படும். அதனாலும் அகப்படாவிடின் வரைவியல் அட்டைக்கும் தாய்ப்பலகைக்கும் உரிய செலுத்திகளைப் புதுப்பித்தல் வேண்டும். தாய்ப்பலகையிலுள்ள பயோஸ் நிரலையும் புதுப்பிக்கும்படி சில கைந்நூல்கள் கூறும். யூ.பி.எஸ். இன்றி அதனைச் செய்ய ஒருவரும் துணியற்க. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் துயில் கொள்ளாத கணினி பின்னர் ஒருபோதும் விழித்தெழாத கணினியாகும்.

இரண்டாவது வகையே நம் பகுதியில் மிகுதியாகக் காணப்படுவதும், மிகுந்த இழப்பைத் தருவதுமாம். இக்கரையோரத்துக் கந்தோர் ஒன்றில் 2022ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில் நாம் கண்டதை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். அங்கே எழுதுவினைஞர் மாலையில் கணினியை முறைப்படி நெடுந்துயிலில் ஆழ்த்தி, விளக்கு அணைந்ததையும் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டிச் செல்வார். காலையில் வந்து பார்த்தால் கணினி ஓடிக்கொண்டிருக்கும். சில நாட்களில் அது மட்டுமன்றி, முதல் நாள் விட்டுச் சென்ற பட்டியல் முழுவதும் மறைந்து, கணினி புதிதாகத் தொடங்கியிருக்கும். இரவில் எவரோ வந்து தொடுகின்றனர் என்று காவலாளிமீது ஐயம் எழுந்தது. வேறொருவர் அதற்குப் பேயின் மீது பழி சுமத்தினார்.

காவலாளியும் பேயும் குற்றமற்றவர்கள் என்பதைக் கணினியின் நாட்குறிப்பே காட்டியது. விண்டோஸ் தன்னுள் நிகழ்பவற்றை நிகழ்வுக் குறிப்பேட்டில் நேரத்தோடு பதிந்து வைக்கின்றது. அதில் 'கெர்னல் பவர்' என்ற பெயரோடு 42 என்னும் எண் காணப்படின் கணினி துயிலுக்குப் போனது என்பது பொருள். 'பவர் டிரபிள்ஷூட்டர்' என்ற பெயரோடு 1 என்னும் எண் காணப்படின் துயிலினின்று எழுந்தது என்பதும், எப்போது துயின்றது, எப்போது எழுந்தது, எழுப்பியது யாது என்பவையும் அங்கே உண்டு. 'கெர்னல் பவர்' 41 என்பது ஒழுங்காக அணைக்கப்படாமல் நின்று மீண்டும் தொடங்கியது என்பதைக் குறிக்கும். அக்கந்தோர்க் கணினியில் மாலையில் 42 இருந்தது. இரவில் 1 இருந்தது. எழுப்பியது யாதெனத் தெரியவில்லை என்று குறிப்பிருந்தது. பின்னர் 41 இருந்தது. துயிலெழுந்த நேரத்தை அப்பகுதி மின்வெட்டு அட்டவணையோடு வைத்துப் பார்த்தபோது விடை தானே வெளிப்பட்டது. மின்சாரம் மீண்டுவந்த நேரமும் கணினி எழுந்த நேரமும் ஒன்றாயிருந்தன.

பயோசில், மின்சாரம் தடைப்பட்டு மீண்டபின் கணினி என்ன செய்தல் வேண்டும் என்று ஓர் அமைப்பு உண்டு. தானாக எழுதல், அணைந்தபடியே இருத்தல், முன்னிருந்த நிலைக்குத் திரும்புதல் என மூன்று தெரிவுகள் பெரும்பாலான தாய்ப்பலகைகளில் உள. அக்கணினியில் முதலாவது தெரிவு செய்யப்பட்டிருந்தது. இரவில் மின்சாரம் மீண்டதும் கணினி எழுந்தது. எழுந்து கொப்பியிலிருந்ததைக் கரும்பலகையில் எழுதியது. எழுதியபின் கொப்பி செல்லாததாகின்றது என்பதே இங்கு முக்கியமாக அறிய வேண்டியது. அதன்பின் கணினி விழித்த நிலையில் ஆளின்றி நிற்கும்போது மின்சாரம் இரண்டாவது முறை தடைப்பட்டது. பலகையில் இருந்ததும் போயிற்று; கொப்பியும் உதவாதொழிந்தது. முதல் மின்வெட்டு யாதொரு தீங்கும் செய்யவில்லை. பட்டியலை அழித்தது இரண்டாவது மின்வெட்டே. பயோசில் அவ்வமைப்பை 'அணைந்தபடி இருக்க' என்று மாற்றியபின் அக்கணினி காலைவரை எழவில்லை. சுவர் ஆளியை நிறுத்திவிட்டுச் செல்லுதல் மட்டும் இதற்குப் பரிகாரம் ஆகாது. காலையில் ஒருவர் ஆளியைப் போட்டவுடன், உரியவர் வந்து அமருமுன்னரே கணினி எழுந்துவிடும்.

மின்சாரம் மீளாத வேளையிலும் எழும் கணினிக்கு வேறு காரணம் தேடுதல் வேண்டும். நெடுந்துயிலிலும், சுவரில் மின்சாரம் உள்ளவரை, மின்வழங்கிப் பெட்டியிலிருந்து 5 வோல்ட் அளவான காத்திருப்பு மின்சாரம் தாய்ப்பலகைக்குச் சென்றுகொண்டேயிருக்கும். அதனைக் கொண்டு வலையமைப்பு அட்டையும், சில பலகைகளிற் சாவிப்பலகையும் சுட்டியும் கணினியை எழுப்பவல்லவை. முன்கூறிய மூன்றெழுத்துக் கட்டளையோடு சாய்கோடிட்டு 'லாஸ்ட்வேக்' என்று சேர்த்தெழுதக் கடைசியாக எழுப்பியது எது என்று விடை வரும். 'வேக்டைமர்ஸ்' என்று எழுதக் குறித்த நேரத்தில் எழுப்பும்படி எந்த நிரல் ஏற்பாடு செய்துள்ளது என்பது தெரியும். நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுமாயின் நிரலையும், சில நொடிகளிலேயே எழுமாயின் கருவியையும் ஐயுறுக. கருவியாயின் சாதன முகாமையாளரில் அதன் மின்வலுப் பகுதியைத் திறந்து, கணினியை எழுப்ப அதற்குள்ள அனுமதியை நீக்கிவிடலாம்.

கடற்காற்றைப் பற்றியும் இங்குச் சொல்லுதல் வேண்டும். கற்பிட்டி முதற் சிலாபம் வரையுள்ள கரையில் சன்னலைத் திறந்து வைத்த அறைகளில் உப்புத்துகள் படியாத பொருள் இல்லை. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைக் கடக்கும்போது கறியுப்பு தானாகவே நீரை ஈர்த்துக் கரையும். புத்தளத்து உப்பளங்களில் வேலை செய்வோர் இதனைப் பாடநூல் இன்றியே அறிவர். அவ்வுப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். முகப்புப் பொத்தானின் இணைப்பிலோ யூ.எஸ்.பி. துளையிலோ அது படிந்தால், ஒருவரும் தொடாமலே பொத்தான் அழுத்தப்பட்டது போன்ற மின்கசிவு உண்டாதல் கூடும். மழைக்கால இரவுகளில் மட்டும் எழும் கணினியைக் கண்டால், முகப்புப் பொத்தானின் கம்பியைத் தாய்ப்பலகையினின்று ஓரிரவு கழற்றி வைத்துப் பார்க்குக. எழாவிடின் பொத்தானை மாற்றினாற் போதும். பெட்டியைத் திறக்குமுன் சுவர் இணைப்பை முற்றாகக் கழற்றிவிடல் வேண்டும் என்பதை மாணாக்கர் மறவாதிருக்க.

மூன்றாவது வகை, துயின்ற கணினி பழைய வேலையை மறந்து புதிதாகத் தொடங்குவது. எழும்போது திரை இருண்டே இருப்பின் உடனே அணைத்துவிடாது, சாவிப்பலகையில் பெரிய எழுத்துக்குரிய பொத்தானை அழுத்திப் பார்க்குக. அதன் விளக்கு எரிந்தும் அணைந்தும் விடையளிக்குமாயின் கணினி உயிரோடுள்ளது. வரைவியல் செலுத்திதான் விழிக்கவில்லை. விளக்கும் அசையாவிடின், கொப்பியே கெட்டிருத்தல் கூடும். சாய்கோடு எச் 'ஆஃப்' என்று கட்டளையிட்டுப் பழைய கோப்பை நீக்கி, 'ஆன்' என்று புதிதாக உண்டாக்குக. புதிய கோப்பும் கெடுமாயின் வன்தட்டின் உடல்நிலையையும் நினைவகச் சில்லுகளையும் சோதித்தல் வேண்டும். வன்தட்டு தேய்ந்து வருமிடத்து, பிற கோப்புக்களிற் குறை தோன்றுமுன் இப்பெரிய கோப்பே முதலிற் காட்டிக்கொடுத்தல் உண்டு. அங்ஙனமாயின் துயிலைத் திருத்துவதை ஒத்தி வைத்து, உள்ளவற்றைப் படியெடுத்தலே முதற் கடமை.

தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவான 3 வோல்ட் மின்கலத்தையும் நோக்குக. சுவர் மின்சாரம் இல்லாத வேளைகளில் கணினியின் மணிக்கூட்டை ஓட்டுவதும், பல பலகைகளில் பயோஸ் அமைப்புக்களைக் காப்பதும் அதுவே. நெடிய மின்வெட்டுக்கள் அதனை விரைவிற் களைப்படையச் செய்யும். அது தளர்ந்தால் திகதி பின்னோக்கி ஓடும்; எந்தத் தட்டிலிருந்து தொடங்குவது என்ற ஒழுங்கும் மாறக்கூடும். இரு வன்தட்டுக்கள் உள்ள கணினி, கொப்பி இல்லாத தட்டைத் தேடிச் சென்று விழித்துக்கொண்டு நிற்பதற்கு இதுவே காரணமாகலாம்.

விண்டோஸ் 8 வெளிவந்த 2012ஆம் ஆண்டு தொடக்கம் 'அணை' என்ற தெரிவும் பாதி நெடுந்துயிலே. பயனரின் வேலைகளை மூடிவிட்டு, முறைமையின் கருவை மட்டும் அதே கொப்பியில் எழுதி வைக்கின்றது; அடுத்த முறை விரைவிற் தொடங்குவதற்காக. ஆதலின் நெடுந்துயிலை ஒருபோதும் பயன்படுத்தாதவர் கணினியிலும் அதன் நோய்கள் தோன்றும். 'மீளத் தொடங்கு' என்பதோ கொப்பியை நாடாது முழுவதும் புதிதாகத் தொடங்குவது. அணைத்துத் தொடங்கினாற் குறையும், மீளத் தொடங்கினால் நலமும் காணப்படுமாயின் விரைவான தொடக்கம் என்னும் அமைப்பை நிறுத்திப் பார்க்குக.

கணினி நலமாயுள்ள இடத்திலும் ஆள் இல்லாத வேளை மின்சாரம் தடைப்படலாம். அதற்கு இரண்டு ஏற்பாடுகள் உள. விண்டோசில் கலப்புத் துயில் என்ற ஒன்று உண்டு. மேசைக் கணினிக்கென்றே அமைந்தது. அதில் கொப்பியிலும் எழுதி, கரும்பலகைக்கும் காவல் வைக்கப்படுகின்றது. மின்சாரம் நில்லாவிடின் உடனே எழும். நின்றுபோயின் கொப்பியிலிருந்து எழும். மற்றொன்று யூ.பி.எஸ். பெட்டியைச் சார்ந்தது. அதனை மின்கம்பியால் மட்டும் இணைத்துவிட்டு அமைதி கொள்வோர் பலர். பெட்டியில் யூ.எஸ்.பி. துளை இருப்பின் அதனையும் கணினியோடு இணைத்தல் வேண்டும். அவ்வாறு இணைத்தால் பெரும்பாலான பெட்டிகளை விண்டோஸ் மடிக்கணினியின் மின்கலம் போலவே கண்டுகொள்ளும். மின்கலம் குறித்த அளவுக்குக் குறைந்ததும் நெடுந்துயிலுக்குச் செல்க என்று மின்வலுப் பகுதியில் பணித்து வைக்கலாம். சிறிய பெட்டி சில நிமிடங்களே தாங்கும். கொப்பி எழுதப் பழைய தட்டுக்கும் அரை நிமிடமே வேண்டுமாதலால் அது போதும். அளவைக் கடைசி 5 வீதம் வரை விட்டுவையாது 30 வீதத்திலேயே வைத்துக்கொள்க. பழைய பெட்டிகளின் மின்கலங்கள் தாம் சொல்லும் அளவுக்கு உண்மையில் நிற்பதில்லை.